மண்டோர் வைத்த திருஷ்டிப் பொட்டு

மலாக்காவின் காஜா பேராங்கில் கலியாணசுந்தரம் என்று கேட்டால் பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். மீசை மண்டோர் என்று கேட்டுப் பாருங்கள், தெருநாய்கூட வாலை ஆட்டிக்கொண்டு வீடுவரை கூட்டிப்போய் விடும். பொதுப்பணி இலாகாவில் சடக்குக்குத் தார் போடுகிற கூட்டத்துக்கு அவர் மண்டோர், அதாவது மேலாள். ரோலர் ஓடுகிற சத்தத்தையும் மீறி அவர் சத்தம் கேட்கும். சாயங்காலம் சிலம்பச் சங்கம். தலைவர் அவர்தான், வேறு யாரும் போட்டியிடத் துணிந்ததில்லை. மீசையோ, முகத்தில் மிச்ச இடம் எவ்வளவு என்று தேட வேண்டிய மீசை.

அப்பேர்ப்பட்ட மனிதருக்கு ஒரு பழக்கம் இருந்தது. குடியா? இல்லை. சீட்டா? தொடமாட்டார். இந்த இரண்டில் ஒன்றாக இருந்திருந்தால் அவர் சம்சாரம் சாரதாம்பாள் ஊரறியத் திட்டித் தீர்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். ஊரும் "ஆம்பளைன்னா அப்படித்தான்" என்று பெருந்தன்மையாக விட்டிருக்கும். மனிதர் குரோஷா பின்னினார். கொக்கி ஊசியும் வெள்ளை நூலுமாக, பூவும் மயிலும் அன்னமுமாக, உட்கார்ந்து பின்னினார்.

வந்த வினை இப்படி வந்தது. ஒருநாள் தார்ப்பீப்பாய் உருண்டு காலில் ஏறிவிட்டது. கட்டுப் போட்டுக் கட்டிலில் கிடத்தினார்கள். பக்கத்து வீட்டு நாகம்மா சூப் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, துணைக்கு உட்கார்ந்து பின்னுவாள். நாகம்மா மலாக்காச் செட்டிக் குடும்பம். பேர் தமிழ், கும்பிடுகிற மாரியம்மன் தமிழ், வாயைத் திறந்தால் மலாய். சாரோங்கும் கெபாயாச் சட்டையுமாக அவள் உட்கார்ந்திருக்க, மண்டோர் கூரை ஓடுகளை எண்ணியே பொழுதைக் கழித்தார். எத்தனை நாள்தான் ஓடுகளை எண்ணுவது? ஒருநாள் கையை நீட்டி, "இங்கே குடு, என்னதான் இருக்கு அதுல பார்ப்போம்" என்று மலாயில் கேட்டார்.

"பெலான்-பெலான் லா, மெதுவா, மண்டோர்! இது தார் இல்லை, நூலு!" என்று நாகம்மா அவள் பாஷையில் சிரித்துக்கொண்டே சொல்லிக் கொடுத்தாள். முதலில் வந்தது வட்டமும் இல்லை, சதுரமும் இல்லை. இரண்டாவது பூ மாதிரி இருந்தது. மூன்றாவதைப் பார்த்து நாகம்மா தன் ஊசியைக் கீழே வைத்துவிட்டாள். அத்தனை நாளும் ஆட்களை ஏவி, கத்தி, விரட்டியே வேலை வாங்கிய மனிதருக்கு, சத்தம் போடாமல் தன் கை மட்டும் செய்கிற வேலை ஒன்று உண்டென்பதே அப்போதுதான் தெரிந்தது. அந்த சுகம் அவரைப் பிடித்துக்கொண்டது. கால் குணமாயிற்று. பழக்கம் குணமாகவில்லை.

அதன் பிறகு அந்த வீட்டில் மூடி இல்லாத சாமான் கிடையாது. ரேடியோவுக்கு உறை, கூஜாவுக்கு உறை, கடிகாரத்துக்கு உறை, நாற்காலி முதுகுக்கெல்லாம் உறை. அந்த வீட்டில் உறை போடாமல் விட்டது சாரதாம்பாள் வாய் ஒன்றுக்குத்தான் என்று மண்டோரே முணுமுணுப்பதுண்டு.

"ஏங்க, யாராச்சும் பார்த்தா என்ன ஆவுறது? பொண்ணுக்கு வயசாச்சு. அப்பன் பொம்பள வேலை செய்றான்னு தெரிஞ்சா எவன் வாசப்படி மிதிப்பான்?" என்று அவள் தலையில் அடித்துக்கொள்வாள்.

அதற்கும் மண்டோர் வழி கண்டார். தினமும் பொழுது சாய்ந்ததும் குளித்து, பட்டை போட்டுக்கொண்டு சாமி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். ஒரு மணி நேரம் பின்னுவார். நடுநடுவே இடது கையால் மணியை ஆட்டுவார். வெளியே போகிறவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு போவார்கள். "இந்தக் காலத்துல இப்படி ஒரு பக்தியா!" என்று ஊர் வியந்தது. கோயில் கமிட்டிக்கு அவரைப் போடவேண்டும் என்றுகூடப் பேச்சு அடிபட்டது. தலையெழுத்து!

மகள் விஜயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பன் கையில் இருந்த நளினத்தில் ஒரு நூல்கூட அவளுக்கு இறங்கவில்லை. அவளுக்கு சைக்கிள் பைத்தியம். அப்பாவின் பழைய சைக்கிளைக் கழற்றி, முற்றத்தில் சாக்கு விரித்து, எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, ஒரு குண்டு மிச்சமில்லாமல் மறுபடி மாட்டிவிடுவாள். தெருவில் யாருக்கு செயின் கழன்றாலும் பின்வாசல் வழியாக அவளிடம்தான் வருவார்கள். முன்வாசலில் வந்து கேட்க யாருக்கும் தைரியமில்லை, பெண்பிள்ளை மாட்டின செயினில் போனோம் என்று வெளியே சொல்ல முடியுமா?

ஐம்பத்தேழாம் வருடம். மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம், வரப்போகிறது என்று மலாக்கா முழுக்க ஒரே அமர்க்களம். எல்லாச் சடக்கையும் செப்பனிடச் சொல்லி உத்தரவு. மண்டோருக்குத் தலைக்குமேல் வேலை. அந்த நேரம் பார்த்து விஜயாவைப் பெண் பார்க்க வந்தார்கள். புக்கிட் ரம்பாய்ப் பக்கம் ஒரு தோட்டத்து ஆபீசில் பெரிய கிராணியான, அதாவது தலைமைக் குமாஸ்தாவான ராஜரத்தினம், அவர் மனைவி தனலட்சுமி, பள்ளிக்கூட வாத்தியாராக இருக்கிற மகன் ஜெயபாலன். பெரியவர்கள் காரில் வந்தார்கள். மாப்பிள்ளை, வேலை பார்க்கும் புக்கிட் பாருவிலிருந்து சைக்கிளில் வந்தான், வாசலில் செயின் கழன்று கைநிறைய மசி.

தனலட்சுமி பெண்ணைப் பார்க்கவில்லை. ரேடியோவைப் பார்த்தாள். உறையில் இருந்த மயிலைப் பார்த்தாள். தோட்டத்து துரைசானி மாதிரி வீட்டை வைத்துக்கொள்ள வேண்டும் என்று வருடக்கணக்கில் குரோஷாவோடு மல்லுக்கட்டி, ஒரு கைக்குட்டை ஓரத்தைத் தாண்டாதவள் அவள். எழுந்து போய் உறையைக் கையில் எடுத்தாள்.

"இது யாரு பண்ணது?"

மண்டோர் மீசையைத் தடவினார். சாரதாம்பாள் முந்திக்கொண்டு, "எல்லாம் நம்ம வீட்டுலயே பண்ணதுங்க" என்றாள். பொய் சொன்னாள் என்று யாரும் அவளைச் சொல்ல முடியாது. கலியாணத்துக்குப் பெண் இருக்கிற வீட்டில் பூவேலை இருந்தால் அது பெண்ணின் கைவேலை. ஊர்வழக்கம் அப்படி. யாரும் கேட்பதுமில்லை, யாரும் திருத்துவதுமில்லை.

தனலட்சுமி உறையைத் திருப்பினாள். நட்ட நடுவில், மயிலின் காலடியில், கடுகளவு கறுப்புப் புள்ளி. மண்டோர் எவ்வளவு மண்ணெண்ணெய் போட்டுக் கழுவினாலும் நகத்தின் இடுக்கில் தங்குகிற தார் அது. சாரதாம்பாள் அவசரமாகப் பலகாரத் தட்டை நீட்டினாள்.

"பார்த்தீங்களா!" என்று தனலட்சுமி கணவனைக் கூப்பிட்டாள். "திருஷ்டிப் பொட்டு வச்சிருக்கா! இவ்வளவு அழகாப் பின்னிட்டு, கண்ணு பட்டுடக் கூடாதுன்னு மையும் வச்சிருக்கா. எந்தப் பொண்ணுக்கு இந்தக் காலத்துல இந்தப் பக்குவம் வரும்?"

சம்பந்தம் அந்த இடத்திலேயே முடிவாயிற்று. விஜயாவுக்கு வாய் திறக்கவே இடமில்லை. ஆனால் அவள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கிளம்பும்போது ஜெயபாலன் சைக்கிள் செயின் இருக்கவேண்டிய இடத்தில் சமர்த்தாக இருந்தது. அவன் செயினைப் பார்த்தான், அவள் விரலில் இருந்த மசியைப் பார்த்தான், சிரித்தான். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் விஜயா, "அம்மா, இவர்னா சரி. இவர் இல்லைன்னா இப்போதைக்கு யாரும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள்.

இனிமேல்தான் கூத்து. தனலட்சுமியிடமிருந்து ஆள்மேல் ஆள் வந்தது. மெர்டேக்காவுக்கு முன்னால் துரை குடும்பம் கப்பலேறுகிறதாம், துரைசானிக்கு மருமகள் கையால் ஒரு மேசை விரிப்பு வேண்டுமாம். மண்டோர் பின்னினார். துரைசானி அதைப் பார்த்து ஏதோ சொல்லி மெச்ச, தனலட்சுமிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. தோட்டத்து கிராணிமார் மனைவி ஒவ்வொருத்திக்கும் நாற்காலி உறை தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டாள். ஒவ்வொரு முறையும் ஒரே கண்டிப்பு: பொட்டு மறக்கக் கூடாது.

சாரதாம்பாள் கண்மையைத்தான் வைத்துப் பார்த்தாள். கஞ்சி போட்டு அலசினதும் மை கரைந்து, மயில் சேற்றில் விழுந்தெழுந்த மாதிரி ஆயிற்று. மண்டோர் யோசித்தார். கரையாதது எது என்று அவருக்குத் தெரியாதா? வேலையிடத்திலிருந்து ஒரு சிப்பியில் கொஞ்சம் தாரைக் கொண்டுவந்து, துடைப்பக் குச்சியால் தொட்டு, உறைக்கு ஒன்றாக வைத்தார். காஜா பேராங்கிலும் செய்தி பரவிவிட்டது. தெருவில் மெத்தை உறை, தலையணை உறை எல்லாவற்றிலும் பெண்கள் பொட்டு வைக்க ஆரம்பித்தார்கள். சாஸ்திரத்திலேயே இருக்கிறது என்று ஒருவர் சொன்னார். எந்த சாஸ்திரம் என்று கேட்க யாருக்கு நேரம்?

சாரதாம்பாள் சாமி படத்துக்கு முன்னால் புருஷனிடம் சத்தியம் வாங்கினாள். "நிச்சயதார்த்தம் முடியட்டும். அன்னியோட ஊசியைத் தூக்கிப் போட்டுடணும். அப்புறம் அவங்க கேட்டா, பொண்ணுக்குக் கண்ணு சரியில்லைன்னு சொல்லிக்கலாம்." மண்டோர் சரி என்றார். அன்று சாமி அறையில் மணிச்சத்தம் கேட்கவில்லை. உள்ளே அவர் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். தார்ப்பீப்பாய் காலில் ஏறியபோதுகூட அவருக்கு அப்படி வலித்ததில்லை.

விஜயாவுக்குப் பின்னச் சொல்லிக்கொடுக்கவும் முயன்றார். அவள் ஊசியை வாங்கி, திருப்பிப் பார்த்து, அதைக்கொண்டு பெடல் துவாரத்தில் அடைத்திருந்த அழுக்கைக் குடைந்தாள். "அப்பா, நல்லா வேலை செய்யுது" என்றாள்.

ஆடி பிறப்பதற்கு முன்னால் ஒரு நல்ல நாளில் நிச்சயதார்த்தம். வீடு கொள்ளாத கூட்டம். சிலம்பச் சங்கம் முழுசாக வந்து கூடத்தில் ஒருபக்கம் உட்கார்ந்தது. பெண்கள் மறுபக்கம். நாகம்மா தன் கையால் செய்த பலகாரத்தோடு வந்து பெண்கள் வரிசையில் முதலில் உட்கார்ந்தாள். நடுவில் தாம்பாளம், அதன்மேல் மண்டோர் தன் கடைசி வேலை என்று நினைத்துப் பின்னிய விரிப்பு. இரண்டு மயில், நடுவே தாமரை. சம்பந்தியம்மாள் மனம் குளிரட்டும் என்று பொட்டை இந்தத் தடவை ஒரு காசு அகலத்துக்குத் தாராளமாக வைத்திருந்தார். முந்தின நாள் வைத்த தார். நடுப்பகல் வெயில் முற்றத்திலிருந்து நேராக அதன்மேல் விழுந்துகொண்டிருந்தது.

தனலட்சுமி எல்லாரும் பார்க்க விரிப்பை எடுத்தாள். "பாருங்க, என் மருமக கைவேலை!" என்று உள்ளங்கையில் விரித்துக் காட்டினாள். காட்டிவிட்டுக் கீழே வைக்கப்போனாள். விரிப்பு வரவில்லை. உதறினாள். ஒட்டிக்கொண்டது. இன்னொரு கையால் பிடுங்கினாள். நூல் ஒன்று அறுந்து ஓடியது, தார் பட்டுப்புடவைக் கரையில் பசக்கென்று ஏறியது.

"என்னது இது? மை இப்படியா ஒட்டும்?"

கூட்டத்தில் பாதிப் பேர் சடக்கு வேலைக்காரர்கள். அவர்களில் மருதமுத்து என்று ஒருவன், மண்டோரிடமே வேலை செய்கிறவன், உபகாரம் செய்கிற மாதிரி எட்டி முகர்ந்து பார்த்து, "யம்மோவ், இது மை இல்லைங்க. தாரு! நம்ம தாரு!" என்றான். சொன்ன பிறகுதான் சொன்னதன் அர்த்தம் அவனுக்கே உறைத்தது. அந்த வீட்டில் தாரைத் தொடுகிற கை ஒன்றுதான். கூட்டம் முழுக்க மண்டோர் கையைப் பார்த்தது.

சாரதாம்பாள் கண்ணால் கெஞ்சினாள். விஜயா தலைகுனிந்து நின்றாள். இத்தனை நாள் ரோலருக்கு மேல் கத்திய மண்டோரின் குரல், இப்போது முன்வரிசைக்குக்கூடக் கேட்டிருக்காது.

"நான்தான் பின்னினேன்" என்றார். "எல்லாமே. துரைசானிக்குப் போனதும் சேர்த்து."

ராஜரத்தினம் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "ஆம்பள பின்னினதை என் வீட்டுல கொண்டுவந்து விரிச்சிருக்கீங்க. துரைக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பாரு? தனம், எழுந்திரு" என்றார். ஜெயபாலன் "அப்பா" என்றான். அப்பா திரும்பவில்லை.

அப்போது சங்கத்துச் செயலாளர் பொன்னுதுரை தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தார். நம் ஜனங்களுக்கு ஒரு குணம். வீடு தீப்பற்றினாலும் தண்ணீர் எடுக்குமுன் தீர்மானம் போடுவோம்.

"கொஞ்சம் பொறுங்க கிராணியாரே. சங்கம் இங்கே முழுசா இருக்கு. ஒரு தீர்மானம் போட்டுருவோம். 'இவ்வீட்டிலுள்ள பின்னல் வேலைகள் யாவும் செல்வி விஜயாவின் கைவண்ணமே. தலைவர் அவர்கள் ஊசியைத் தொட்டதில்லை.' நான் முன்மொழியிறேன்."

"நான் வழிமொழியிறேன்" என்று மருதமுத்து கையைத் தூக்கினான், செய்த பாவத்துக்குப் பரிகாரமாக.

கிராணி யோசித்தார். நாற்பது பேர் பார்த்தது பார்த்ததுதான். ஆனாலும் தீர்மானம் என்று ஒன்று இருந்தால் நாளைக்கு எவனும் மறுத்துப் பேச முடியாது. ஆபீஸ் மனிதர், காகிதத்தில் உண்டென்றால் உலகத்தில் உண்டு. "தீர்மானம் நிறைவேறினா உட்கார்றேன்" என்றார்.

மண்டோர் மகளைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொன்னால் கலியாணம் நடக்கும். "சங்கத் தலைவர்ங்கிற முறையில, ஓட்டுக்கு விடுறேன்" என்றார். ஆண்கள் பக்கம் கைகள் மளமளவென்று உயர்ந்தன.

"எனக்கு இது வேண்டாம்" என்றாள் விஜயா. எல்லாரும் திரும்பினார்கள். "எனக்குப் பின்னத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி காலம்பூரா நடிக்கவும் தெரியாது. எனக்கு சைக்கிள்தான் தெரியும். அது இவருக்கே தெரிஞ்சதுதான். எங்கப்பாவுக்கு இது தெரியும். இதுல என்ன தப்பு இருக்கு? எங்கப்பா பண்ணதை இல்லைன்னு சொல்லித்தான் எனக்குக் கலியாணம்னா, எனக்கு இவர் வேண்டாம்." வேண்டாம் என்று சொல்லும்போது அவள் அழுதுவிட்டாள்.

அதுவரை புருஷனைத் திட்டிக்கொண்டே இருந்த சாரதாம்பாளுக்கு என்ன தோன்றியதோ, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கூடத்து நடுவில் வந்து நின்றாள்.

"ஏன் பொன்னுதுரை அண்ணே, இந்தப் பக்கம் கையை எண்ணலியே?"

"பொம்பளைங்க சங்கத்துல உறுப்பினர் இல்லையேம்மா."

"நாகம்மா நாட்டுத் தேர்தல்லயே ஓட்டுப் போட்டு வந்தவ. என் வீட்டுக் கூடத்துக்கு நாங்க போடக் கூடாதா? தீர்மானம் வேண்டாங்கிறவங்க கையைத் தூக்குங்கடி!"

அவள் கைதான் முதலில். நாகம்மா, "என்ன இது, பிலிஹான் ராயாவா? தேர்தலா?" என்று மலாயில் விசாரித்து, மண்டோருக்காகத்தான் என்று தெரிந்ததும் இரண்டு கையையும் தூக்கினாள். பெண்கள் வரிசை முழுக்கக் கையெழும்பியது. வீட்டில் ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடாத புருஷனை வைத்திருக்கிறவர்கள், பின்னுகிற புருஷனைத் தோற்க விடுவார்களா? பொன்னுதுரை எண்ணினார், மறுபடி எண்ணினார். சரிக்குச் சரி நின்றது. பாக்கி ஒரே ஒருத்தி.

தனலட்சுமி இன்னும் கை தூக்கவில்லை. கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். இந்த மனிதர் ஊசியைத் தொட்டதில்லை என்று தீர்மானமாகிவிட்டால், கிராணிமார் மனைவிகளுக்குச் சொன்ன நாற்காலி உறையெல்லாம் யார் பின்னுவது? இந்தச் சம்பந்தம் போய் வேறு பெண் வந்தால், அவள் அப்பன் பின்னுவானா? இருந்தாலும் அவள் கண் விரிப்பிலேயே இருந்தது. அறுந்த நூல் தாமரையிலிருந்து ஒவ்வொரு கண்ணியாக அவிழ்ந்து போவதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. அந்த வேதனை மட்டும் நிஜம்.

அவள் கையைத் தூக்கினாள். விரிப்பும் கூடவே எழுந்து, எல்லார் தலைக்கும் மேலே மயிலும் தாமரையுமாகத் தொங்கியது.

"தனம்!" என்றார் ராஜரத்தினம்.

"உட்காருங்க சும்மா. சம்பந்தி, அந்த நூலைப் பிடிங்க முதல்ல, முழுசா ஓடிடப் போகுது!"

மண்டோர் மீசையைத் துடைத்தார். மீசை நனைந்திருந்தது. "தீர்மானம் தோற்றது" என்று பழைய குரலில் அறிவித்தார். வேட்டி மடிப்பிலிருந்து ஊசியை எடுத்தார். சம்பந்தியம்மாளுக்கு எதிரே சம்மணம் போட்டு, அவள் கையிலேயே வைத்து, அறுந்த இடத்தைப் பின்ன ஆரம்பித்தார். சிலம்பச் சங்கம் கழுத்தை நீட்டிப் பார்த்தது. தனலட்சுமி குனிந்து, "அந்த முனையில எப்படித் திருப்பினீங்க? எனக்கு அங்கதான் வரமாட்டேங்குது" என்று கேட்டாள். இரண்டு தடவை காட்டினார். ஜெயபாலன் விஜயாவிடம் போய், செயின் மறுபடி தளர்ந்திருப்பதாகச் சொன்னான். நல்ல நேரம் முடியுமுன் தட்டு மாற்றினார்கள். சாரதாம்பாள் மண்ணெண்ணெய்ப் போத்தலோடு வந்து சம்பந்தியம்மாளின் உள்ளங்கையைத் தேய்த்துவிட்டாள்.

ஆவணியில் மெர்டேக்காவும் வந்தது, கலியாணமும் வந்தது. சாமி அறைக் கதவு அதற்குப் பிறகு சாத்தப்படவில்லை. மண்டோர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பின்னுவார். கோயில் கமிட்டிப் பேச்சு மட்டும் அப்படியே நின்றுபோயிற்று, மனிதருக்கு பக்தி குறைந்துவிட்டதாம்.